மருந்து போட்டு நிறுத்தினால் கெட்ட ரத்தம் உள்ளே தங்கிவிடுமா?

தம்பி, நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். உசிலம்பட்டிப் பக்கம் உங்கள் தங்கச்சிக்கு இது எட்டாம் மாதம். முதல் பிரசவத்தில் குழந்தை பிறந்த கொஞ்ச நேரத்தில் உதிரப்போக்கு அதிகமாகி, ஊசி போட்டு, ஆசனவாயில் மாத்திரை வைத்து, இரண்டு யூனிட் ரத்தமும் ஏற்றிப் பிழைக்க வைத்திருக்கிறார்கள். இப்போது அவள் மாமியார், "அந்த ஊசியாலதான் கெட்ட ரத்தம் வெளியேறாம உள்ளேயே தங்கிப்போச்சு, அதான் வயிறு போட்டுருச்சு, இந்தத் தடவை ஊசி வேணாம்னு சொல்லிரு" என்கிறார். மருந்து போட்டு நிறுத்துவது நல்லதா, இயல்பாகப் போக விடுவது நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்தைப் பற்றிய கேள்வியாகத் தெரிந்தாலும் உங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் சந்தேகம் வேறு. குழந்தை பிறந்ததும் வரும் ரத்தம் போக வேண்டிய ரத்தமா, போகக் கூடாத ரத்தமா? இது தெளிந்தால் ஊசி வேண்டுமா வேண்டாமா என்பதும் தெளிந்துவிடும்.

நான் மருத்துவர் இல்லை. மதுரை மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், தாலுகா ஆஸ்பத்திரியிலும், கடைசியில் பெரிய ஆஸ்பத்திரி பிரசவ வார்டிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற செவிலியர். பிரசவ அறையில் என் கையால் செய்ததையும், பயிற்சிகளில் படித்ததையும் வைத்து எழுதுகிறேன். உங்கள் தங்கச்சியின் கேஸ் ஷீட்டைப் பார்க்காமல் அவளுக்கு எந்த மருந்து, எவ்வளவு என்று என்னால் சொல்ல முடியாது. இதில் நான் எழுதும் அளவுகள் ஆஸ்பத்திரியில் என்ன செய்கிறார்கள் என்று நீங்கள் புரிந்துகொள்வதற்கு மட்டும்தான். வீட்டில் செய்து பார்ப்பதற்கு இல்லை.

நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்குள் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 500 முதல் 700 மில்லி ரத்தம் பாய்கிறது. குழந்தைக்குச் சாப்பாடும் மூச்சும் போவது அந்த வழியாகத்தான். குழந்தை பிறந்து நஞ்சு (நஞ்சுக்கொடி) கழன்று விழுந்ததும், அது ஒட்டியிருந்த இடத்தில் அத்தனை ரத்தக்குழாய்களும் வாய் திறந்து நிற்கும். அவற்றை மூடுவதற்கு உடம்பில் தனியாக எந்தக் கதவும் கிடையாது. கர்ப்பப்பையின் சதைநார்கள் அந்தக் குழாய்களைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கொண்டு ஓடுகின்றன. கர்ப்பப்பை சுருங்கும்போது சுருக்குப்பையின் கயிற்றை இழுத்தால் வாய் மூடிக்கொள்வதுபோல அந்த நார்கள் இறுகிக் குழாய்களை நெரித்துவிடும். ரத்தம் உறைவதெல்லாம் அதற்குப் பிறகுதான். கர்ப்பப்பை களைத்துப்போய்ச் சுருங்காமல் தொளதொளவென்று கிடந்தால் குழாய்கள் திறந்தே கிடக்கும். பிரசவத்துக்குப் பிந்திய அதிக உதிரப்போக்கில் பத்தில் ஏழு இப்படி வருவதுதான்.

ஆக, குழந்தை பிறந்த முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் கொட்டும் ரத்தம் பத்து மாதம் உள்ளே சேர்ந்த அழுக்கு கிடையாது. ஒரு நிமிடம் முன்பு வரை அவள் இதயத்திலும் மூளையிலும் ஓடிக்கொண்டிருந்த அதே ரத்தம். அதில் நல்லது கெட்டது என்று பிரிப்பதற்கு எதுவும் இல்லை. உங்கள் தங்கச்சியின் அத்தை (மாமியார்) நினைக்கும் "கழிவு" வேறொன்று. அது பிறகு நாள்கணக்கில் வருவது. முதல் மூன்று நான்கு நாள் சிவப்பாக, பிறகு பத்து நாள் வரை பழுப்பும் இளஞ்சிவப்பும் கலந்து, அப்புறம் வெளுத்துப்போய் நான்கிலிருந்து ஆறு வாரம் வரைக்கும் படும். கர்ப்பப்பையின் உள்சவ்வு உரிந்து வருவது அது. எந்த ஊசியும் அதை நிறுத்துவதில்லை. ஊசி போட்ட தாய்க்கும் அது வரும், போடாத தாய்க்கும் வரும். உங்கள் தங்கச்சிக்கும் போன தடவை வந்திருக்கும், கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றையும் அத்தையிடம் சொல்ல வேண்டும். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. கட்டி ரத்தமோ நஞ்சின் துணுக்கோ உள்ளே தங்கினால் காய்ச்சல் வரும், துர்நாற்றத்தோடு படும், ஜன்னி கண்டு உயிரே போனதும் உண்டு. வீட்டிலேயே பிள்ளை பெற்ற காலத்தில் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் அந்தத் தலைமுறைப் பெண்கள். "உள்ளே தங்கக் கூடாது" என்ற எச்சரிக்கை அந்த அனுபவத்தில் வந்தது. ஆனால் உள்ளே தங்காமல் வெளியே தள்ளுவது எது? கர்ப்பப்பையின் சுருக்கம்தான். அந்தச் சுருக்கத்தைக் கொடுப்பதுதான் இந்த ஊசி. குழாயை அடைத்து ரத்தத்தை உள்ளே பூட்டி வைக்கும் மருந்து அல்ல அது. அத்தை எதை வேண்டும் என்கிறாரோ அந்த வேலையைத்தான் ஊசி செய்கிறது. எதிர்ப்பவரிடம் இப்படிச் சொன்னால் காதில் ஏறும். "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்று ஆரம்பித்தால் ஏறாது.

வயிறு போட்டதற்கு வேறு காரணம். பிரசவம் முடிந்ததும் ஏறத்தாழ ஒரு கிலோ இருக்கும் கர்ப்பப்பை, ஆறு வாரத்தில் நூறு கிராமுக்கும் கீழே வந்துவிடும். இரண்டு வாரத்திலேயே அடிவயிற்றுக்குள் இறங்கிவிடுவதால் வெளியே தொட்டால் கைக்குத் தட்டுப்படாது. அதற்குப் பிறகும் வயிறு தொங்கினால், ஒன்பது மாதம் இழுபட்டு நடுவில் விலகிப்போன வயிற்றுச் சதைகளும் அதன்மேல் சேர்ந்த கொழுப்பும்தான் காரணம். ஊசி போடாதவர்களுக்கும் இதே கதைதான்.

இனி மருந்துகளுக்கு வருகிறேன். முதலாவது ஆக்சிடோசின். நம் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து தானாகவே வரும் ஹார்மோன்தான் இது. பிரசவ வலியை உண்டாக்குவதும், குழந்தை பால் குடிக்கும்போது பாலை இறக்குவதும் இதுதான். பிட்யூட்டரிச் சாறு கர்ப்பப்பையைச் சுருக்குகிறது என்று 1906-இல் ஹென்றி டேல் கண்டார். 1953-இல் வின்சென்ட் டு விக்னோ இதைச் செயற்கையாகத் தயாரித்தார், 1955-இல் வேதியியலுக்கான நோபல் பரிசும் பெற்றார். உலக சுகாதார நிறுவனம் சொல்வது, பிள்ளை பெறும் எல்லாத் தாய்க்கும், ஆபத்து இருக்கிறதோ இல்லையோ, குழந்தை பிறந்ததும் 10 யூனிட் ஆக்சிடோசின் கொடுக்க வேண்டும் என்று. உதிரப்போக்கு வந்த பிறகு கொடுப்பது வைத்தியம், வருவதற்கு முன்பே கொடுப்பது காப்பு. காப்பாகக் கொடுத்தால் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் போவது ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. இதில் எந்தச் சந்தேகமும் இல்லை. பல நாடுகளில், பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பார்த்தாகிவிட்டது.

அது பிரசவ அறையில் எப்படி நடக்கிறது என்று சொன்னால் பயம் குறையும். குழந்தையின் தலை தெரியும் முன்பே ஆம்பியூலை உடைத்து, சிரிஞ்சில் ஏற்றி, ட்ரேயில் தயாராக வைத்துவிடுவோம். குழந்தை பிறந்து தாயின் வயிற்றில் போட்டதும், ஒரு கை அவள் வயிற்றை அழுத்திப் பார்க்கும். உள்ளே இன்னொரு குழந்தை இல்லை என்று உறுதி செய்துகொள்வதற்கு. ஸ்கேனில் ஒன்று என்று இருந்தாலும் தொட்டுப் பார்க்காமல் போட மாட்டோம். அப்புறம் தொடையில் ஊசி. இதெல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். தாய்க்குப் பெரும்பாலும் ஊசி குத்தியதே தெரியாது, கண் குழந்தையின் மேல் இருக்கும். தொப்புள்கொடியை ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் கழித்து வெட்டி, நஞ்சு வந்ததும் தொப்புளுக்குக் கீழே கையை வைத்தால் கர்ப்பப்பை உருண்டு கெட்டியாகத் தட்டுப்பட வேண்டும். இரண்டு மணி நேரம் வரை பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பார்ப்போம். மெத்தென்று இருந்தால் உடனே தேய்த்துவிட்டு, சிறுநீர்ப்பை நிறைந்திருக்கிறதா என்று பார்ப்போம். முட்டிக்கொண்டிருக்கும் சிறுநீர்ப்பை கர்ப்பப்பையைச் சுருங்கவிடாது. ஒன்றுக்குப் போனதுமே உதிரப்போக்கு குறைந்த தாய்மார்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்த மருந்துக்கு ஒரு பலவீனம் உண்டு. சூடு ஆகாது. 2 முதல் 8 டிகிரிக்குள் ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் மதுரையில் ட்ரேயிலேயே கிடந்த ஆம்பியூல் பார்ப்பதற்கு அப்படியேதான் இருக்கும், வீரியம் மட்டும் போயிருக்கும். அதனால்தான் சூட்டைத் தாங்கும் கார்பிடோசின் என்ற மருந்து வந்திருக்கிறது. இந்தியா உட்பட 10 நாடுகளில் ஏறத்தாழ 30,000 தாய்மார்களிடம் சோதித்து, காப்பாகக் கொடுப்பதில் ஆக்சிடோசினுக்கு இணையாக நிற்கிறது என்று 2018-இல் முடிவு வெளியானது. அதே 2018-இல் நம் நாட்டில் வேறொன்று நடந்தது. பால் கறக்க மாட்டுக்கு ஆக்சிடோசின் போடுகிறார்கள் என்று காரணம் காட்டி, தனியார் கம்பெனிகள் இந்த மருந்தைத் தயாரித்து விற்பதை மத்திய அரசு தடை செய்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே டெல்லி உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், "மாட்டுக்குப் போடுற ஊசியை மனுசிக்குப் போடுறாங்க" என்ற பேச்சு நம் பக்கத்திலும் உண்டு. உண்மை தலைகீழ். தாயின் உயிரைக் காக்க வந்த மருந்தை மாட்டுக்குத் திருப்பினார்கள்.

இதே ஆக்சிடோசினைப் பற்றிக் கட்டாயம் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். குழந்தை பிறந்த பிறகு தசையில் ஊசியாகப் போடுவது பாதுகாப்பு. குழந்தை பிறக்கும் முன், "சீக்கிரம் வலி வரட்டும்" என்று தசையில் ஊசியாகப் போடுவது ஆபத்து. கர்ப்பப்பை கிழிந்துபோகலாம், குழந்தைக்கு மூச்சு முட்டிப்போகலாம். வலி வருவதற்குக் கொடுப்பதாக இருந்தால் டிரிப்பில் துளித்துளியாக, குழந்தையின் இதயத்துடிப்பைக் கவனித்துக்கொண்டே, ஆஸ்பத்திரியில்தான் கொடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்து வலி ஊசி போடுகிறேன் என்று யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

காப்பு ஊசியையும் மீறி உதிரப்போக்கு வந்தால் ஆக்சிடோசினை டிரிப்பில் கொடுப்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால் வேறு மருந்துகள். மெதர்ஜின் என்பது பழைய கை. தானியத்தில் பிடிக்கும் ஒரு பூஞ்சையிலிருந்து எர்கோமெட்ரின் என்ற பொருளை 1935-இல் டட்லியும் மோயரும் பிரித்தெடுத்தார்கள், அதன் வழி வந்தது மெதர்ஜின். 0.2 மில்லிகிராம் தசையில் போட்டால் கர்ப்பப்பை இறுகிக்கொள்ளும். ஆனால் ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். பிபி இருப்பவர்களுக்கும் இதய நோய் இருப்பவர்களுக்கும் கூடாது. அடுத்தது கார்போப்ராஸ்ட், 250 மைக்ரோகிராம் ஊசி. நன்றாக வேலை செய்யும், ஆனால் ஆஸ்துமா இருப்பவர்களுக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும் என்பதால் அவர்களுக்குப் போடக் கூடாது. போட்டவர்களுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். உங்கள் தங்கச்சிக்கு பிபியோ வீசிங்கோ உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. எந்த மருந்து அவளுக்கு ஒத்துவரும் என்பதை முடிவு செய்வது அந்த இரண்டும்தான்.

ஆசனவாயில் வைத்த மாத்திரை மிசோப்ராஸ்டாலாக இருந்திருக்கும். முதலில் வயிற்றுப் புண்ணுக்காக வந்த மருந்து. ஃப்ரிட்ஜ் வேண்டாம், ஊசி போடத் தெரிந்தவர் வேண்டாம் என்பதால் கிராமங்களுக்குப் பெரிய துணை. கர்நாடகத்தில் பெலகாவி பக்கத்துக் கிராமங்களில் 1,620 பெண்களிடம் நடந்த ஆய்வு 2006-இல் வெளியானது. கிராம சுகாதாரச் செவிலியர்கள் குழந்தை பிறந்ததும் 600 மைக்ரோகிராம் வாய்வழி கொடுத்தார்கள். பொய் மாத்திரை (மருந்தில்லாத மாத்திரை) பெற்றவர்களில் நூற்றுக்கு 12 பேருக்கு வந்த அதிக உதிரப்போக்கு, மிசோப்ராஸ்டால் பெற்றவர்களில் ஆறு பேருக்கும் சற்று மேலாகக் குறைந்தது. நம் பக்கத்து மாநிலத்தில், நம்மைப் போன்ற கிராமங்களில் கிடைத்த முடிவு என்பதால் எனக்கு இது முக்கியம். ஆனாலும் ஆக்சிடோசின் கிடைக்கும் இடத்தில் அதுதான் முதலில். மிசோப்ராஸ்டால் கொடுத்தால் உடம்பு தூக்கிப்போட்டு நடுங்கும், காய்ச்சல் அடிக்கும். இதைப் பார்த்து "ஜன்னி வந்திருச்சு" என்று வார்டு வாசலில் அழுத குடும்பங்கள் எத்தனையோ. போர்வை போர்த்தி, பாராசிட்டமால் கொடுத்தால் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். போன தடவை உங்கள் தங்கச்சிக்கு நடுக்கம் வந்திருந்து, அதைப் பார்த்துத்தான் அத்தைக்கு இந்த மருந்து மேல் பயம் வந்ததோ என்றும் தோன்றுகிறது, விசாரியுங்கள்.

இவையெல்லாம் கர்ப்பப்பையைச் சுருக்கும் மருந்துகள். ட்ரானெக்சாமிக் ஆசிட் மட்டும் வேறு வழியில் போகிறது. உறைந்த ரத்தக்கட்டி கரைந்துபோகாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. இதைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானைச் சேர்ந்த உடாகோ ஒகமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகேயும், 1962-இல் வெளியிட்டார்கள். பிரசவத்தில் பெண்கள் ரத்தம் போய்ச் சாவதைத் தடுக்க வேண்டும் என்றுதான் உடாகோ அம்மையார் அந்த ஆராய்ச்சியில் இறங்கினார். ஆனால் அதைப் பிரசவத்தில் சோதித்துப் பார்க்க அன்றைய மருத்துவர்களைச் சம்மதிக்க வைக்க அவரால் முடியவில்லை. மருந்து வேறு வேறு சிகிச்சைகளுக்குப் போய்விட்டது. கடைசியில் 21 நாடுகளில் 20,060 தாய்மார்களிடம் நடந்த பெரிய ஆய்வு 2017-இல் வெளியானது. குழந்தை பிறந்து மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால், ரத்தம் போய்ச் சாகிறவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறார்கள் என்று தெரிந்தது. அம்மையார் 2016-இலேயே 98 வயதில் காலமாகிவிட்டார். தன் மருந்து எதற்காகப் பிறந்ததோ அதைச் செய்து முடித்ததை அவர் பார்க்காமல் போனது எனக்கு இன்றும் ஆற்றாமைதான். நரம்பு வழியாக 1 கிராம், பத்து நிமிடத்தில் மெதுவாக ஏற்றுவார்கள். தாமதிக்கும் ஒவ்வொரு பதினைந்து நிமிடத்துக்கும் பலன் ஏறத்தாழ பத்து சதவீதம் குறைகிறது, மூன்று மணி நேரம் தாண்டினால் பலன் இல்லை. கண்ட இடத்தில் ரத்தம் உறைந்துவிடுமோ என்ற பயம் இருந்தது. அந்த ஆய்வில் அப்படி எதுவும் கூடவில்லை. இதே மருந்து மாதவிடாய் உதிரப்போக்குக்கு மாத்திரையாகக் கடையில் கிடைக்கிறது. பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்தவளுக்கு அதை நீங்களாக வாங்கிக் கொடுக்கக் கூடாது. அந்த நேரத்தில் அதிகமாகப் பட்டால் காரணம் என்ன என்று பார்க்க வேண்டியது ஆஸ்பத்திரியில்.

மருந்தைவிட ஒருபடி முன்னால் நிற்பது அளவு. குழந்தை பிறந்த பிறகு அரை லிட்டர் ரத்தம் போனால் அதிகம், ஒரு லிட்டர் போனால் கடுமை என்று பாடப்புத்தகம் சொல்கிறது. ஆனால் போனது எவ்வளவு என்று யார் அளந்தார்கள்? துணியில் ஊறியது, தரையில் ஓடியது, பனிக்குட நீரோடு கலந்தது எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொன்னால் உள்ளதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாகத்தான் சொல்கிறோம் என்று பெலகாவியிலேயே ஓர் ஆய்வில் தெரிந்தது. அதற்காகத்தான் தாயின் இடுப்புக்குக் கீழே விரிக்கும், அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் பை வந்தது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளில் 80 ஆஸ்பத்திரிகளை ஆய்வுக்கு எடுத்து, அவற்றில் பாதியில் அந்தப் பையால் அளந்து, அளவு தாண்டியதும் தேய்ப்பது, ஆக்சிடோசின், ட்ரானெக்சாமிக், டிரிப், காயம் இருக்கிறதா என்ற பரிசோதனை எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யக் காத்திராமல் ஒரே மூச்சில் செய்தார்கள். வழக்கம்போலச் செய்த மற்ற ஆஸ்பத்திரிகளைவிட அங்கே கடுமையான விளைவுகள் 60 சதவீதம் குறைவாக இருந்தன. 2023-இல் வெளியான முடிவு இது. புதிய மருந்து ஒன்றுகூட இல்லை. இருந்த மருந்தை நேரத்தோடு கொடுத்தார்கள், அவ்வளவுதான். நான் வேலை பார்த்த காலத்தில் இந்தப் பை எல்லா இடத்திலும் இல்லை என்பது எனக்கு இன்னும் மனக்குறை.

உறுதியாகச் சொல்ல முடியாதவையும் உண்டு. ட்ரானெக்சாமிக் ஆசிடை ஆக்சிடோசின் போல எல்லாத் தாய்க்கும் முன்கூட்டியே கொடுத்தால் என்ன? ரத்தசோகை உள்ள 15,000-க்கும் மேற்பட்ட தாய்மார்களிடம் பார்த்தார்கள். உதிரப்போக்கு குறையவில்லை. எனவே வைத்தியத்துக்கு உண்டு, காப்புக்கு இல்லை. சிசேரியனில் அதன் பங்கு பற்றி மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. ஊசி போட்ட தாய்க்கு உதிரப்போக்கே இல்லாதபோது தொடர்ந்து வயிற்றைத் தேய்த்துக்கொண்டே இருப்பதில் பலன் இருப்பதாகச் சான்று இல்லை, அவளுக்கு வலிதான் மிச்சம். தொட்டுப் பார்ப்பது வேறு, அதை விடக் கூடாது. குழந்தைக்கு உடனே பால் கொடுத்தால் ஆக்சிடோசின் தானாகச் சுரக்கும் என்பது உண்மை, கட்டாயம் கொடுக்க வேண்டும். ஆனால் அது ஊசிக்கு ஈடாகாது. பிரசவ லேகியம், பூண்டு, சுக்கு, கருப்பட்டி எல்லாம் சாப்பாடாக நல்லவை. உதிரப்போக்கை நிறுத்தும் மருந்தாக அவற்றை நம்பி நேரத்தைக் கடத்தக் கூடாது. "தண்ணி குடிச்சா வயிறு போடும்" என்று பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீரைக் குறைப்பது மட்டும் சுத்தமாக வேண்டாம். ரத்தம் இழந்தவளுக்கும் பால் கொடுப்பவளுக்கும் தண்ணீர்தான் முதலில் வேண்டும். முதல் நாளே வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். உள்ளே கர்ப்பப்பை மெத்தென்று ஆனால் வெளியே தெரியாமல் போய்விடும்.

மருந்தால் ஆகாத இடமும் உண்டு. பத்தில் மீதி மூன்றில் காரணம் வேறு. கர்ப்பப்பை வாயிலோ பிறப்புவழியிலோ கிழிந்திருக்கும், அதைத் தைக்க வேண்டும். நஞ்சின் ஒரு துண்டு உள்ளே ஒட்டியிருக்கும், அதை எடுக்க வேண்டும். ரத்தம் உறையும் சக்தியே குறைந்திருக்கும், அதற்குரிய ரத்தப் பொருள்களை ஏற்ற வேண்டும். கர்ப்பப்பை நன்றாகச் சுருங்கிக் கெட்டியாக இருந்தும் ரத்தம் நிற்காமல் வந்தால் கிழிசலைத்தான் முதலில் தேடுவோம். எதற்கும் அடங்காவிட்டால் உள்ளே பலூன் வைத்து அழுத்துவது, அறுவை சிகிச்சை, கடைசியாகக் கர்ப்பப்பையையே எடுப்பது வரை போகும். அதனால்தான் உங்கள் தங்கச்சிக்குப் பிரசவம் எங்கே என்பது, எந்த ஊசி என்பதைவிடப் பெரிய முடிவு.

ஒரு தடவை அதிக உதிரப்போக்கு வந்தவளுக்கு மறுபடி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். வந்தே தீரும் என்று அர்த்தம் இல்லை. ஆனால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவம் வைத்துக்கொண்டு, வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. மயக்க மருந்து கொடுப்பவரும், அறுவை அரங்கும், ரத்த வங்கியும் இருபத்து நான்கு மணி நேரமும் உள்ள சீமாங்க் மையத்தில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு 40 கிலோமீட்டர் போல. 108 எவ்வளவு வேகமாக வந்தாலும், கடுமையான உதிரப்போக்கு ஒருத்தியைச் சாய்க்க இரண்டு மணி நேரம் போதும். உங்கள் பகுதி செவிலியரிடம் முதல் பிரசவத்தில் நடந்ததைச் சொல்லி, எந்த ஆஸ்பத்திரி என்று இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த மாதமே ஹீமோகுளோபினைப் பாருங்கள். கர்ப்பகாலத்தில் உடம்பில் ரத்த அளவு 40 முதல் 50 சதவீதம் கூடும், அந்த உபரிதான் பிரசவத்தில் போகும் ரத்தத்தைத் தாங்குகிறது. 12 இருப்பவள் அரை லிட்டர் இழந்தால் எழுந்து உட்கார்ந்து பால் கொடுப்பாள். 8 இருப்பவள் அதே அரை லிட்டருக்கு மயங்கி விழுவாள். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு அருகில் ரத்தசோகை இருக்கிறது. 11-க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று பாருங்கள், காபி டீயோடு சேர்த்து விழுங்கினால் உடம்பில் ஒட்டாது. ரொம்பக் குறைவாக இருந்தால், நாளும் நெருங்கிவிட்டதால் நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள், அரசு ஆஸ்பத்திரியிலேயே ஏற்றுகிறார்கள். அவள் ரத்த வகையில் உறவிலோ நட்பிலோ கொடுக்கக்கூடிய இரண்டு பேரைச் சொல்லி வையுங்கள். நெகட்டிவ் வகையாக இருந்தால் ஆஸ்பத்திரியிலும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் கவனம் வேண்டும், பன்னிரண்டு வாரம் வரைகூட உதிரப்போக்கு வரலாம். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேடு முழுவதும் நனைந்தால், எலுமிச்சம்பழ அளவில் கட்டி விழுந்தால், வெளுத்து வந்தது திடீரென மறுபடி சிவப்பாகக் கொட்டினால், துர்நாற்றமோ காய்ச்சலோ வந்தால், "தலை கிர்ருங்குது, கண்ணு இருட்டுது" என்றால், லேகியம் கிண்டிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். "கெட்டது போகுது, போகட்டும்" என்று வீட்டில் யாராவது தடுத்தால், அந்த இடத்தில் அண்ணனாக நீங்கள் ஒரு வார்த்தை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்த செக்கப்புக்குப் போகும்போது போன பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு கொண்டுபோங்கள். உதிரப்போக்குக்குக் காரணம் கர்ப்பப்பை சுருங்காததா, கிழிசலா, நஞ்சு தங்கியதா என்று அதில் இருக்கும். எந்தெந்த மருந்து கொடுத்தார்கள், நஞ்சைக் கையால் எடுத்தார்களா என்பதும் இருக்கும். பிபி, ஆஸ்துமா, மருந்து அலர்ஜி ஏதாவது உண்டா என்பதை மருத்துவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். சம்மரி தொலைந்துபோயிருந்தால் பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியில் அனுமதி எண்ணையும் தேதியையும் சொல்லி நகல் கேளுங்கள். அத்தையையும் கூடவே அழைத்துப் போய், அவர் கேள்வியை அவர் வாயாலேயே மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள்.